பக்கத்த எண்ணாதீங்க, முதல் மழைத் தண்ணியக் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்புச் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கு, அதுக்கான சுற்றுச்சூழல் ஆய்வு, தொழில்நுட்ப ஆய்வு எல்லாம் முடிச்சு பரிசீலனைக்கு குடுத்துட்டாங்கனு உங்க பேப்பர்ல வந்த செய்தியப் படிச்சேன். அதுல, ஆய்வு ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கு, அதனால எல்லாத்தையும் அலசியாச்சுங்கற மாதிரி ஒரு வரி வந்திருந்துச்சு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல 26 வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவன், சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி எடுக்கற சாம்பிள், ஓடும்போது எடுக்கற சாம்பிள், மூடினதுக்கு அப்புறம் எடுக்கற சாம்பிள் மூணையும் கையில வாங்கி டெஸ்ட் பண்ணிருக்கேன், அதனால சொல்றேன், பக்கக் கணக்க வச்சு ஒரு ஆய்வ எட போடவே முடியாதுங்க. கேக்க வேண்டிய கேள்வி வேற. இந்த ஆய்வுல என்ன தெரிய வந்தா சுரங்கம் வேணாம்னு சொல்லுவீங்க, அத ஆய்வு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எங்கயாவது எழுதி வச்சீங்களா? அப்படி எழுதி வைக்கலன்னா அது ஆய்வு இல்ல, ஏற்கனவே எடுத்த முடிவுக்கு ஆதாரம் தேடறது அவ்வளவுதான்.

மொதல்ல ஒண்ண தெளிவா சொல்லிடறேன், நான் செம்புக்கு எதிரி இல்ல. கரண்டு கம்பி, மோட்டார், டிரான்ஸ்பார்மர், காத்தாலை எல்லாத்துக்கும் செம்பு வேணும், பேட்டரி காருக்கு பெட்ரோல் காரவிட 3, 4 மடங்கு செம்பு போகுது. பழைய செம்ப உருக்கித் திரும்ப எடுக்கறத எவ்வளவு கூட்டினாலும் புதுசா தோண்டாம இப்போதைக்கு சமாளிக்க முடியாதுன்னும் எனக்குத் தெரியும். அதனாலதான் எங்க தோண்டலாம், எங்க தோண்டக்கூடாதுங்கறத சரியா முடிவு பண்ணணும்னு இவ்வளவு அடிச்சுக்கறேன்.

செப்புச் சுரங்கம்னா நிறைய பேர் செம்பு கட்டி கட்டியா வெளிய வர்றதா நெனைக்கறாங்க. இன்னிக்கு இருக்கற பெரிய திறந்தவெளி சுரங்கங்கள்ல தாதுல செம்பு பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழ, அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதாவது 1,000 கிலோ பாறைய ஒடச்சு மாவா அரைச்சா 5 கிலோ செம்பு, மிச்சம் 995 கிலோ தண்ணியோட கலந்து சேறா அங்கயே தங்கிடும். அதுபோக தாதுக்கு மேல இருக்கற, தாதுவே இல்லாத பாறையையும் வெட்டி மலையா குமிக்கணும். அப்ப பாறைய வெட்டி, அரைச்சு, அதே எடத்துல என்னென்னைக்கும் வச்சிருக்கறதுதான் இந்தத் தொழிலோட பெரும்பகுதி, செம்பு எடுக்கறது அதுல ஒரு துளி.

அந்தப் பாறைல பைரைட்டுனு ஒண்ணு கலந்திருக்கும், இரும்பும் கந்தகமும் சேந்தது, பொன்னு மாதிரி மினுங்கும். பூமிக்கு அடில காத்து படாம கோடிக்கணக்கான வருஷமா சும்மா கெடக்கும், அத ஒடச்சு வெளிய போட்டு காத்தும் தண்ணியும் பட்டுச்சுன்னா கந்தக அமிலமா மாறும், அந்த அமிலம் பாறைல இருக்கற செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாத்தையும் கரைச்சு இழுத்துட்டு ஓடையில சேரும், இரும்பத் தின்னு வாழற பாக்டீரியா ஒண்ணு இருக்கு, அது சேந்துச்சுன்னா இந்த வேல பல மடங்கு வேகமாயிடும். சுரங்கத்த மூடினா இது நிக்காது. அமெரிக்காவுல கலிபோர்னியாவுல அயர்ன் மவுண்டன்னு ஒரு பழைய செப்புச் சுரங்கம், 1963ல வேல நிறுத்தினாங்க, அதுக்குள்ள எடுத்த தண்ணில பிஹெச் (தண்ணில அமிலம் எவ்வளவுனு காட்டற அளவு, கொறையக் கொறைய அமிலம் ஜாஸ்தி) மைனஸ் 3.6 வரைக்கும் அளந்திருக்காங்க. லேப்ல இருந்தவன்ங்கற முறைல சொல்றேன், பிஹெச் அளவு சைபருக்குக் கீழ போறத நாங்க பாடத்துலகூட படிச்சதில்ல. இன்னும் 2,500லேர்ந்து 3,000 வருஷத்துக்கு அங்க அமிலத் தண்ணி வந்துட்டே இருக்கும்னு விஞ்ஞானிங்க கணக்குப் போட்டிருக்காங்க. சுரங்கம் ஓடறது 20, 30 வருஷம், தண்ணியச் சுத்தம் பண்ண வேண்டியது எத்தன தலைமுறை பாருங்க.

இந்தப் பாறை அமிலம் விடுமா விடாதாங்கறத முன்கூட்டியே பாக்க டெஸ்ட் இருக்கு. ஒண்ணு சட்டுனு முடியறது, பாறைத் தூள்ல அமிலம் உண்டாக்கற சரக்கு எவ்வளவு, அத அடக்கற சுண்ணாம்பு மாதிரி சரக்கு எவ்வளவுனு எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. இன்னொண்ணு மெதுவா போறது, 1 கிலோ தூள ஒரு குழாய்ல போட்டு 3 நாள் காஞ்ச காத்து, 3 நாள் ஈரக்காத்து விட்டு, ஏழாவது நாள் தண்ணி ஊத்திக் கழுவி அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணுவாங்க, இப்படியே வாராவாரம், கொறஞ்சது 20 வாரம். எனக்கு இருந்த பெரிய மனக்கொறையே இந்த 20 வாரந்தான். பாறைல சுண்ணாம்பு கொஞ்சம் இருந்துச்சுன்னா அது தீர்ற வரைக்கும் தண்ணி நல்லாவே இருக்கும், அது தீந்தப்புறம்தான் பிஹெச் சரியும், சில பாறைக்கு அது வருஷக்கணக்குல ஆகும். 20 வாரத்துல நிறுத்திட்டு அமிலம் வரலைனு எழுதறது, விதையப் போட்டுட்டு மறுநாளே மொளைக்கலைனு எழுதி வைக்கற மாதிரி. அந்த ரிப்போர்ட்டுல பொய் எதுவும் இருக்காது, ஆனா படிக்கறவங்க தப்பா புரிஞ்சுக்குவாங்க.

அதுக்கும் முன்னாடி, அந்த 1 கிலோ தூள் எங்கேருந்து வந்துச்சு? கம்பெனி துளை போடறது தாது எங்க இருக்குனு கண்டுபிடிக்க, அதனால தாதுவப் பத்தி ஆயிரம் சாம்பிள் இருக்கும், வீணா குமிக்கப் போற பாறையப் பத்தி விரல் விட்டு எண்ற அளவுதான் இருக்கும். ஆனா ஓடைத் தண்ணியக் கெடுக்கறதுல அந்தக் குமிச்ச பாறைக்கும் பெரிய பங்கு உண்டு. ரிப்போர்ட்டுல எத்தன சாம்பிள்னு மட்டும் பாக்காம எந்தப் பாறைக்கு எத்தனைனு பாத்தா பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிடும்.

இப்ப முதல் மழை விஷயத்துக்கு வர்றேன், தலைப்புல போட்டிருக்கேனே அது. மாசக்கணக்கா காஞ்சு கெடக்கற நெலத்துல, பாறைக் குமியல்ல, மேல உப்பு மாதிரி ஒரு பூச்சு படிஞ்சிருக்கும், பச்சையா, மஞ்சளா. முதல் பெரிய மழை வந்ததும் அது அத்தனையும் ஒரே அடியா கரைஞ்சு ஓடைக்கு வந்துடும், அந்த சில மணி நேரத்துல தண்ணில இருக்கற செம்பு வருஷம் முழுக்க இருக்கற அளவவிட பல மடங்கு ஏறும், அப்புறம் எறங்கிடும். மாசத்துக்கு ஒரு நாள் போய் பாட்டில்ல புடிச்சுட்டு வர்றவங்களுக்கு அது மாட்டவே மாட்டாது. நான் வேலைல இருந்தப்ப ஒரு தடவ தற்செயலா அப்படி ஒரு மழைல எடுத்த சாம்பிள் எங்க மேஜைக்கு வந்துச்சு, மிஷின் கெட்டுப்போச்சோன்னு ரெண்டு தடவ திரும்பப் போட்டுப் பாத்தோம், ரெண்டு தடவையும் அதே நம்பர். சாம்பிள் அனுப்பின கன்சல்டன்ட் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு, இது மத்ததோட ஒத்துவரல, சராசரியக் கெடுக்குது, இத எடுத்துடலாமானு கேட்டாங்க. நாங்க எடுக்கல, லேப் சீட்டுல அப்படியே எழுதிக் குடுத்தோம். ஆனா கடைசியா வந்த ரிப்போர்ட்டப் பாத்தா அந்த நம்பர் பின்னிணைப்புல ஒரு அட்டவணைல மட்டும் இருந்துச்சு, முன்னாடி எல்லாரும் படிக்கற சுருக்கத்துல வெறும் வருஷ சராசரி. சராசரித் தண்ணியால மீன் சாகறதில்லைங்க, அந்த சில மணி நேரத் தண்ணிலதான் சாகுது.

மீன்னு சொன்னதும் இன்னொண்ணு. மனுஷன் குடிக்கற தண்ணில செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா சால்மன் மீன் குஞ்சுக்கு ஓடைல வழக்கமா இருக்கறதவிட ஒரு சில மைக்ரோகிராம் கூடினாலே மோப்பம் போயிடும்னு ஆராய்ச்சில காட்டிருக்காங்க, 2 மில்லிகிராம்னா 2,000 மைக்ரோகிராம், வித்தியாசத்தப் பாருங்க. மோப்பம் போன குஞ்சு எதிரி வர்றத உணராது, வளந்த மீனா இருந்தா பொறந்த ஓடைக்குத் திரும்பி வர வழி தெரியாது. ஹார்ட்னஸ் கம்மியான மலைத் தண்ணில செம்பு இன்னும் கடுமையா வேல செய்யும். அதனால தண்ணி குடிநீர் தரத்துக்குள்ள இருக்குனு ரிப்போர்ட்டுல எழுதியிருந்தா அது மனுஷனுக்கு மட்டும் பதில், ஓடைக்குப் பதில் இல்ல. இந்த வரிய எத்தன செய்தில அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்கனு நானே பாத்திருக்கேன்.

ஆரம்பக் கணக்கு, அதாவது சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி தண்ணி எப்படி இருந்துச்சுங்கற பேஸ்லைன், அது ஒரு தடவைதான் எடுக்க முடியும். குழி தோண்டினப்புறம் திரும்பிப் போய் அளக்க முடியாது. செம்பு இருக்கற மண்ணுல ஓடற தண்ணில இயற்கையாவே கொஞ்சம் செம்பு இருக்கும், அதனால நாளைக்கு ஓடை கெட்டுப்போச்சுனு யாராவது சொன்னா, அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுனு பதில் வரும், இல்லைனு நிரூபிக்க பழைய நம்பர் வேணும். எல்லாப் பருவத்துலயும், கொறஞ்சது ரெண்டு வருஷம், மழைலயும் வறட்சிலயும் எடுத்த நம்பர் வேணும்னு நான் சொல்றது அதுக்குத்தான்.

நிலத்தடித் தண்ணி விஷயத்த சுருக்கமா சொல்றேன். குழி தண்ணி மட்டத்துக்குக் கீழ போகும்போது பம்ப் போட்டு எறச்சுட்டே இருக்கணும், சுத்தியிருக்கற கிணறும் ஊத்தும் எறங்கும், எவ்வளவு தூரத்துக்குனு கம்ப்யூட்டர் மாடல் சொல்லும், ஆனா அந்த மாடலுக்குத் தீனி போடறது நீங்க போட்ட துளைங்கதான், பாறைல ஒரு வெடிப்பு இருந்து அது துளைல மாட்டலன்னா மாடலுக்கு அது தெரியவே தெரியாது. பம்ப்ப நிறுத்தினா என்ன ஆகும்ங்கறதுக்கு மொன்டானாவுல பியூட்ங்கற ஊர்ல இருக்கற பெர்க்லி பிட் ஒரு உதாரணம். 1982ல பம்ப்ப நிறுத்தினாங்க, பெரிய செப்புக் குழி மெல்ல மெல்ல அமிலத் தண்ணியால நெறஞ்சு ஏரியாயிடுச்சு, 1995ல வலசை வந்த பனி வாத்துங்க 342 அதுல எறங்கி செத்துப்போச்சு, 2016ல பனிப்புயல்ல ஆயிரக்கணக்குல எறங்கி திரும்பவும் அதே கதை. அந்தத் தண்ணிய இன்னும் சுத்தம் பண்ணிட்டே இருக்காங்க, எப்ப நிறுத்தலாம்னு தேதியே கெடையாது.

அரைச்ச சேறத் தேக்கி வைக்கற கழிவு அணையப் பத்தி பேசாம இத முடிக்க முடியாது. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல மவுண்ட் போலின்னு செம்பும் தங்கமும் எடுக்கற சுரங்கம், 2014 ஆகஸ்ட் 4ஆம் தேதி கழிவு அணை உடைஞ்சு சுமார் 2.5 கோடி கன மீட்டர் தண்ணியும் சேறும் ஏரிகளுக்குள்ள பாஞ்சுச்சு. அங்க ஆய்வு பண்ணலையானா பண்ணினாங்க, இன்ஜினியர்ங்க இருந்தாங்க, அனுமதி இருந்துச்சு. அப்புறம் 3 நிபுணர்ங்க கொண்ட தனிக் குழு 2015ல சொன்னது என்னன்னா, அணைக்கு அடில பனி யுகத்து ஏரில படிஞ்ச களிமண் அடுக்கு ஒண்ணு இருந்திருக்கு, அதோட பலவீனம் டிசைன்ல கணக்குல வரல, அங்கதான் வழுக்கிருச்சு. அதே குழு, இப்பிடியே போனா அந்த மாகாணத்துல 10 வருஷத்துக்கு சராசரியா 2 அணை உடையும்னும் சொல்லுச்சு. இந்த அறிக்கைய நான் ராத்திரி உக்காந்து படிச்சப்ப ரொம்ப நேரம் அடுத்த பக்கத்துக்கே போக முடியல, ஏன்னா அந்தக் களிமண்ணு அங்கதான் இருந்துச்சு, எல்லாரும் அது மேலயேதான் நின்னாங்க.

பப்புவா நியூ கினியில ஓக் டெடிங்கற செப்புச் சுரங்கத்தோட கதை இன்னும் கொடுமை. கழிவுக்கு அணை கட்டறோம்னு சொல்லித்தான் வேலைய ஆரம்பிச்சாங்க, 1984ல கட்டிட்டு இருக்கும்போதே மண்சரிவுல அது போயிடுச்சு, அதோட சுரங்கம் நின்னுச்சா, இல்ல, கழிவ நேரா ஆத்துல விட அனுமதி குடுத்துட்டாங்க, ஒரு நாளைக்கு பல்லாயிரம் டன், வருஷக்கணக்கா. காகிதத்துல ஒரு அணை, ஆத்துல வேற நெஜம். அணை இல்லாம சுரங்கம் கிடையாதுனு அன்னிக்கே மாத்த முடியாத மாதிரி ஒரு வரி எழுதி வச்சிருந்தாங்கன்னா அந்த ஆத்துக் கரைல இருந்த சனங்களோட தோட்டமும் மீனும் மிஞ்சியிருக்கும்.

இது எங்கயோ நடந்த ஒண்ணு ரெண்டு விபத்துனு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல 2006ல வந்த ஒரு ஆய்வு, 25 சுரங்கத்த எடுத்துக்கிட்டு அனுமதிக்கு முன்னாடி ரிப்போர்ட்டுல சொன்ன தண்ணித் தரத்தையும் பின்னாடி உண்மையா நடந்ததையும் ஒப்பிட்டுச்சு, நாலுல மூணு பங்கு சுரங்கங்கள்ல தண்ணித் தரம் சட்ட அளவத் தாண்டிருச்சு. முன்கூட்டிச் சொன்னது இவ்வளவு தப்பாகுதுன்னா அடுத்த ரிப்போர்ட் படிக்கும்போது அந்த அளவுக்கு சந்தேகத்தோட படிக்கறதுதான நியாயம்.

ஆய்வுனாலே பிரயோஜனம் இல்லைனு நான் சொல்லல, நேர்மையா பண்ணினா அது உசுரக் காப்பாத்தும். அமெரிக்காவுல யூட்டாவுல பிங்கம் கேன்யன் செப்புக் குழில 2013 ஏப்ரல் 10ஆம் தேதி ஒரு பக்கச் சுவரே சரிஞ்சு விழுந்துச்சு, ரொம்பப் பெரிய சரிவு, ஆனா ஒருத்தருக்கும் காயம்கூட இல்ல. ரேடார் வச்சு சுவர் நகர்றத இடைவிடாம அளந்துட்டு இருந்தாங்க, அளவு கூடினதும் ஆளுங்கள வெளிய கொண்டு வந்துட்டாங்க, வேலையும் நிறுத்திட்டாங்க. நான் கேக்கறதும் அதேதான், அளக்கணும், இந்த அளவத் தாண்டினா நிறுத்தணும்னு முன்னாடியே முடிவு பண்ணிருக்கணும், தாண்டினா நெஜமாவே நிறுத்தணும். ஆளுக்குப் பண்ணின அத ஓடைக்கும் பண்ணுங்க.

அமெரிக்காவுல அலாஸ்காவுல தோண்டறதா இருந்த பெபிள் செப்புச் சுரங்கத்த எடுத்துக்கங்க. கம்பெனி பல்லாயிரம் பக்கத்துக்கு பேஸ்லைன் ஆய்வு வெளியிட்டுச்சு, ஆறு, மீன், மண்ணு, காத்துனு ஒண்ணும் விடல. அந்த எடம் பிரிஸ்டல் விரிகுடாவுக்குத் தண்ணி போற மேல் ஓடைங்க, உலகத்துல இருக்கற சாக்கை சால்மன்ல பாதிக்குப் பக்கம் அங்கேருந்துதான் வருது. அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தனியா ஒரு மதிப்பீடு பண்ணி 2014ல வெளியிட்டுச்சு, வெளி விஞ்ஞானிங்கள வச்சு சரிபாத்து. 2020 ஜூலைல, அனுமதி குடுக்கற பொறுப்புல இருந்த அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை வெளியிட்ட இறுதி அறிக்கைல, வழக்கமா சுரங்கம் ஓடினா மீன் எண்ணிக்கைல அளந்து காட்டற அளவுக்கு மாத்தம் வராதுனு இருந்துச்சு. அதே படை அதே வருஷம் நவம்பர்ல அனுமதி தர மறுத்துடுச்சு, 2023 ஜனவரில முகமை அங்க கழிவு கொட்டவே கூடாதுனு தடை போட்டுச்சு. ஒரே எடம், ஒரே ஆறு, ஆனா யாரு எந்தக் கேள்வியக் கேட்டாங்கங்கறத வச்சு பதில் மாறிடுச்சு பாருங்க. வழக்கமா ஓடினா என்ன ஆகும்னு கேட்டா ஒரு பதில், அந்த மேல் ஓடைங்க அழிஞ்சா திரும்ப வருமானு கேட்டா வேற பதில்.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். இந்த மாதிரி செய்தி அடுத்து வரும்போது உங்க நிருபர்கிட்ட சொல்லி ரிப்போர்ட்டக் கடைசிலேருந்து படிக்கச் சொல்லுங்க, மூடறதப் பத்தின அத்தியாயம் அங்கதான் இருக்கும், அதுல தண்ணிய எத்தன வருஷத்துக்கு சுத்தம் பண்ணணும்னு போட்டிருக்கு, அதுக்கான பணத்த யாரு, எப்ப, எந்தக் கணக்குல கட்டறாங்கனு போட்டிருக்கா, கம்பெனி திவாலாயிட்டா என்ன. லேப் நம்பர் மொத்தத்தையும் சராசரி போடாம அப்படியே ஜனங்க எடுத்துப் பாக்கற மாதிரி வெளியிட்டாங்களா, அங்க வாழறவங்க பேசற மொழில சுருக்கம் இருக்கா, சரிபாக்கற நிபுணருக்கு சம்பளம் கம்பெனி கைலேருந்து போகுதா வேற எடத்துலேருந்து போகுதா, இதெல்லாம் ரெண்டு போன் பண்ணினா தெரிஞ்சிடற விஷயம். எல்லாத்துக்கும் எடம் இல்லைன்னா ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுப் போடுங்க, முதல் மழைல எடுத்த சாம்பிள் இருக்கா, இருந்தா அந்த நம்பர் எந்தப் பக்கத்துல இருக்கு? பதில் வரலைன்னா, கேட்டோம் பதில் வரலைனே போடுங்க, அதையும் நான் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்க பேப்பர ரொம்ப வருஷமா படிக்கற ஒரு வாசகன்